கடைசி 28 ரன்: 2017 லார்ட்ஸ் தோல்விக்குப் பயம்தான் காரணமா?

மூணாவதுஸ்லிப் | #1
நேற்று இரவு தூக்கம் வராமல் 2017 பெண்கள் உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்ததன், சுருக்கத்தைத் திரும்பப் பார்த்துத் தொலைத்தேன். 2025இல் கோப்பை வந்துவிட்டது, இனி அந்தப் பழைய வலி இருக்காது என்று நினைத்தேன். இருக்கிறது. இங்கிலாந்து 228. நம் பெண்கள் அணி 3 விக்கெட்டுக்கு 191. அங்கிருந்து 219க்கு ஆல் அவுட். 28 ரன்னுக்குள் ஏழு விக்கெட். 9 ரன்னில் தோல்வி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அது பயம். பெரிய மேடை, நிரம்பிய அரங்கு, கைக்கெட்டும் தூரத்தில் கோப்பை, கை நடுங்கிவிட்டது. 2025 அணியிடம் அந்த நடுக்கம் இல்லை, அதனால் ஜெயித்தார்கள். இதற்கு மேல் விளக்கம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

ஸ்கோர்புக் | #2
பயம் என்பது ஸ்கோர்கார்டில் இல்லாத கட்டம், அதனால் அதை நான் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. இருக்கிற கட்டங்களை மட்டும் சொல்கிறேன்.

பூனம் ராவுத் 86இல் எல்பிடபிள்யூ ஆனபோது ஸ்கோர் 191க்கு 4. மீதி 43 பந்து, தேவை 38 ரன். அடுத்து விழுந்த வரிசை: 196, 200, 201, 218, 218, 219. நடுவில் 201இலிருந்து 218 வரை ஒரு சின்னக் கூட்டணி இருந்தது, அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வேதா கிருஷ்ணமூர்த்தி 35 அடித்தார். அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் சேர்ந்து 20 ரன்கூடச் சேர்க்கவில்லை. இங்கிலாந்து பவுலர் ஷ்ரப்சோல் 46 ரன்னுக்கு 6 விக்கெட். அவர் போட்ட அந்த ஸ்பெல் அப்படி. எதிரணி நன்றாகப் போட்டது என்று ஒருவரும் சொல்லாதது ஏன்?

கோட்டைவிட்டகேட்ச் | #3
2025 உள்ளூரில் நடந்தது, அதுதான் வித்தியாசம். நம் ஊர் ஆடுகளம், நம் ஊர் கூட்டம், நவி மும்பையில் கடைசி நான்கு ஆட்டம். இதில் நெஞ்சுரம், கிஞ்சுரம் எல்லாம் சும்மா.

ஸ்கோர்புக் | #4
@கோட்டைவிட்டகேட்ச் 2013 உலகக்கோப்பையும் இந்தியாவில்தான் நடந்தது. நாம் ஏழாவது இடம். இலங்கையிடம் 138 ரன்னில் தோற்று முதல் சுற்றோடு வெளியே போனோம். 1978இலும் இந்தியாவில்தான், அப்போது ஆடியதே நான்கு அணிகள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. உள்ளூர் மண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் நாம் எப்போதோ மூன்று கோப்பை வைத்திருப்போம்.

கோட்டைவிட்டகேட்ச் | #5
சரி, 2013ஐ மறந்துவிட்டேன். வாபஸ். ஆனால் பாதி வாபஸ்தான்.

சேப்பாக்கம்வெயில் | #6
2013 என்றதும் ஒரு விஷயம். அந்த உலகக்கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 அடித்தவர் நம் சென்னைப் பெண் திருஷ் காமினி. பெண்கள் உலகக்கோப்பையில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் சதம் அது. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள்.

அதைவிட முக்கியமானது 2014 நவம்பர், மைசூர் டெஸ்ட். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் 192. பூனம் ராவுத்தோடு 275 ரன் கூட்டணி. அதே ராவுத்தான், லார்ட்ஸில் 86 அடித்தவர். நாம் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அதற்கு அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2021 ஜூன், பிரிஸ்டல். நடுவில் ஆறரை வருடம், ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது! 192 அடித்தவருக்கு அதற்குப் பிறகு டெஸ்டே இல்லாமல் போய்விட்டது. ஆட்டம் சரியில்லை என்று நீக்கினால் புரியும். இங்கே ஆட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், மூணாவதுஸ்லிப். ஆட வாய்ப்பே இல்லாத அணியிடம் "ஏன் பழக்கமில்லாதது போல ஆடினாய்" என்று கேட்பது என்ன நியாயம்?

மூணாவதுஸ்லிப் | #7
டெஸ்ட் இல்லாததற்கும் ஒருநாள் இறுதி ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் அண்ணா? ஒருநாள் ஆட்டங்கள் ஆடிக்கொண்டுதானே இருந்தார்கள்?

பழையகீப்பர் | #8
தம்பி, சம்பந்தம் இருக்கிறது. நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதவேண்டும் போலிருக்கிறது. மாவட்ட அளவிலும், கொஞ்ச காலம் மாநில அணியின் ஓரத்திலும் ஆடியவள். விக்கெட் கீப்பர். பேர் எல்லாம் வேண்டாம்.

நெட்ஸ், அதாவது வலைப் பயிற்சி, எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எங்களுக்கு மைதானம் மாலை நாலரைக்குத்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் ஆண்கள். லீக் ஆட்டம் இருந்தால் ஐந்தரை, சில நாள் "இன்று இல்லை, போங்கள்". இரண்டு நெட். முதலில் ஓப்பனர்கள் பேட் பிடிப்பார்கள், அப்புறம் மூன்று, நான்கு. ஆளுக்குப் பத்து நிமிஷம். பவுலர்கள் அத்தனை நேரமும் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், ஏனென்றால் போட வேறு ஆள் கிடையாது. எட்டாவது, ஒன்பதாவது ஆள் முறை வரும்போது வெளிச்சம் போயிருக்கும், பந்து தெரியாது. கோச் "நாளைக்கு முதலில் உனக்கு" என்பார். நாளைக்கும் ஓப்பனர்தான் முதலில்.

பேட் என்று சொன்னேனே, அது அணிக்கு மூன்று. கைப்பிடி ரப்பர் கழன்று, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி வைத்திருப்போம். என் உயரத்துக்கு அது மண்வெட்டி மாதிரி இருக்கும். ஒருத்தி அவுட்டாகித் திரும்பி வரும்போது எல்லைக் கோட்டருகே நின்று பேட்டை வாங்கிக்கொண்டு அடுத்தவள் உள்ளே போவாள்.

இப்படி வளர்ந்த ஒரு பவுலர் மேலே போய், லார்ட்ஸில், 200க்கு 6 என்று இருக்கும்போது பேட்டோடு உள்ளே வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இருப்பது பயமா, பழக்கமின்மையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கால் நகராது. நகராத காலைத்தான் நீங்கள் நடுக்கம் என்கிறீர்கள்.

ஸ்கோர்புக் | #9
இந்த இழையில் இதுவரை வந்ததில் சிறந்த பதிவு. @பழையகீப்பர் அக்கா, தொடர்ந்து எழுதுங்கள்.

ஒரு துணைக் கணக்கு: மிதாலி ராஜ் 1999இல் வந்து 2022இல் ஓய்வு பெற்றார். 232 ஒருநாள் ஆட்டம், 7805 ரன். டெஸ்ட் எத்தனை? 12. ஜூலன் கோஸ்வாமி, 255 ஒருநாள் விக்கெட், உலக சாதனை. டெஸ்ட்? அவருக்கும் 12. இங்கிலாந்தின் டான்டனில் 2002இல் மிதாலி 214 அடித்தபோது அது பெண்கள் டெஸ்டில் உலகின் அதிகபட்சம். அப்படிப்பட்டவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆடி 12 டெஸ்ட்.

பாரதிநகர் | #10
பணம் வந்தது, ஜெயித்தார்கள். இவ்வளவு எழுதவேண்டியதில்லை. பெண்கள் கிரிக்கெட் 2006இல் தான் பிசிசிஐ கைக்கு வந்தது. அதற்கு முன்னால் தனிச் சங்கம், 1973இல் தொடங்கியது. ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் பயணம், பள்ளிக்கூட அறையில் தூக்கம் என்று பழைய கேப்டன் சாந்தா ரங்கசாமி காலத்து ஆட்கள் எத்தனையோ பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள். 2005 உலகக்கோப்பையில் இறுதி வரை போன அணிக்கு ஆட்டத்துக்கு 1000 ரூபாய் என்று மிதாலியே சொன்னார். எட்டு ஆட்டம், 8000 ரூபாய். ஒப்பந்தச் சம்பளம் 2015இல், ஆண்களுக்குச் சமமான ஆட்டக் கட்டணம் 2022 அக்டோபரில். டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6, இருபது ஓவருக்கு 3. 2023இல் டபிள்யூபிஎல், அதாவது பெண்கள் ஐபிஎல். 2025இல் கோப்பை. நேர்க்கோடு.

கோட்டைவிட்டகேட்ச் | #11
நேர்க்கோடு என்றால் 2005இல் 1000 ரூபாய்க்கு ஆடியவர்கள் எப்படி இறுதிக்குப் போனார்கள்? அந்த அணிக்குக் கோச் யார் தெரியுமா, சுதா ஷா. சென்னையில் ஆடியவர். அரையிறுதியில் நியூசிலாந்தை மிதாலி 91 நாட் அவுட்டோடு தூக்கி அடித்தார். பணம் மட்டும்தான் காரணம் என்றால் அந்த அணி மாநிலத்தைத் தாண்டியிருக்காது.

பாரதிநகர் | #12
திறமை அப்போதும் இருந்தது. இல்லை என்று யார் சொன்னது? பதினோரு பேரில் ஐந்து பேர் தெய்வம் மாதிரி ஆடினால் இறுதி வரை போகலாம். இறுதியில் ஆஸ்திரேலியாவின் பதினோரு பேரும் ஆடினார்கள். 98 ரன்னில் தோல்வி. ஐந்து பேரைப் பதினோரு பேர் ஆக்குவதற்குத்தான் பணம்.

பழையகீப்பர் | #13
இதை ஒத்துக்கொள்கிறேன். பணம் என்றால் வங்கிக் கணக்கு மட்டும் இல்லை. ஆறாவது பவுலரை வைத்துக்கொள்ள முடிவது பணம். த்ரோடவுன் போட, அதாவது பயிற்சிக்குக் கையால் பந்தை எறிய, ஒரு ஆள் இருப்பது பணம். அந்த ஆள் இருந்தால் பவுலருக்கும் வெளிச்சத்தில் பேட் கிடைக்கும்.

மூணாவதுஸ்லிப் | #14
சரி, நான் பின்வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம், ஒரு கேள்வி. 2025இலும் இதே அணி சொதப்பியதே? தொடரின் நடுவில் வரிசையாக மூன்று தோல்வி. இந்தூரில் இங்கிலாந்துக்கு எதிராக 289 துரத்தி, மந்தனா 88, கேப்டன் ஹர்மன்பிரீத் 70, தீப்தி 50 எல்லாம் அடித்தும் 4 ரன்னில் தோல்வி. விழுந்ததே 6 விக்கெட்தான்! கையில் ஆள் வைத்துக்கொண்டு தோற்றார்கள். அது பயம் இல்லாமல் என்ன?

ஸ்கோர்புக் | #15
அருமையான கேள்வி, ஏனென்றால் பதில் உங்களுக்கே எதிராகப் போகிறது.

இந்தூர் அக்டோபர் 19. பதினோரு நாள் கழித்து அக்டோபர் 30, ஆஸ்திரேலியாவுடன் அரையிறுதி, இலக்கு 339. பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் துரத்தாத இலக்கு. ஜெமிமாவும் ஹர்மன்பிரீத்தும் 167 சேர்த்தார்கள். ஸ்கோர் 226 இருக்கும்போது கேப்டன் 89இல் அவுட். இன்னும் 113 வேண்டும். கவனியுங்கள், லார்ட்ஸில் ராவுத் போனபோது 38தான் வேண்டியிருந்தது.

2017 அணியாக இருந்தால் அங்கே ஆட்டம் முடிந்திருக்கும். இங்கே தீப்தி வந்து 17 பந்தில் 24. ரிச்சா கோஷ் 16 பந்தில் 26. அமன்ஜோத் கடைசி பவுண்டரி. மறுமுனையில் ஜெமிமா 127 நாட் அவுட். 9 பந்து மீதம். பதினோரு நாளில் பயம் ஆவியாகிப் போகுமா? அதே ஆட்கள்தானே? பேட்டிங் வரிசை நீளமாக இருந்தது, அவ்வளவுதான். நீளமான வரிசை ஒரு நாள் தோற்கும், மறுநாள் ஜெயிக்கும். குட்டையான வரிசைக்கு அந்த மறுநாள் கிடையாது.

கோட்டைவிட்டகேட்ச் | #16
என் பெயருக்குப் பொருத்தமான விஷயம்: ஜெமிமா 82இல் இருந்தபோது ஆஸ்திரேலியா கீப்பர் ஹீலி ஒரு கேட்சை விட்டார். வானத்துக்குப் போன பந்து. கீப்பர் கேட்ச்தான். அதைப் பிடித்திருந்தால் இந்த இழையே வேறு தலைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். நீளமான வரிசை எல்லாம் சரி, கொஞ்சம் அதிர்ஷ்டத்துக்கும் இடம் வையுங்கள்.

பழையகீப்பர் | #17
கீப்பராகச் சொல்கிறேன், அந்தக் கேட்ச் அவ்வளவு சுலபம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பந்து மேலே போனால் ஒரு கணம் காணாமல் போகும். திரும்பத் தெரியும்போது அது நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது. ஹீலியைத் திட்டுகிறவர்கள் மொட்டைமாடிக்குப் போய் யாரையாவது டென்னிஸ் பந்தை மேலே எறியச் சொல்லிப் பாருங்கள்.

சேப்பாக்கம்வெயில் | #18
எல்லோரும் தீப்தி சர்மா பற்றிச் சொல்லாமலே போகிறீர்கள். 2017 லார்ட்ஸ் ஆட்டத்தில் ஆடி 2025 இறுதியிலும் ஆடியவர்கள் மூன்றே பேர்: ஹர்மன்பிரீத், மந்தனா, தீப்தி. மந்தனா லார்ட்ஸில் 0. தீப்திக்கு அப்போது 19 வயது, 14 ரன், ஒன்பதாவது விக்கெட்டாக அவுட். நின்று முடித்திருக்க வேண்டியவர் என்று அன்று திட்டாத ஆள் இல்லை, நான் உட்பட.

2025 நவம்பர் 2, தென்னாப்பிரிக்காவுடன் இறுதி. மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம். அதே தீப்தி 58 ரன், அப்புறம் 39 ரன்னுக்கு 5 விக்கெட். அவர்கள் கேப்டன் வோல்வார்ட் 101இல் தூக்கி அடித்த பந்தை அமன்ஜோத் மூன்று முறை தட்டித் தடுமாறிப் பிடித்தாரே, அந்தப் பந்தைப் போட்டது தீப்தி. கடைசி விக்கெட்டும் தீப்தி, கேட்ச் ஹர்மன்பிரீத். 298க்குப் பதில் தென்னாப்பிரிக்கா 246. 52 ரன்னில் வெற்றி. தொடர் முழுக்க 22 விக்கெட், 215 ரன், தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

19 வயதுப் பெண்ணுக்கும் 28 வயதுப் பெண்ணுக்கும் நடுவில் இருப்பது எட்டு வருட ஆட்டம். அதைத் தைரியம் என்று சொன்னால் அந்த எட்டு வருடத்தைக் கழித்துவிடுகிறோம்.

மூணாவதுஸ்லிப் | #19
இது கொஞ்சம் குத்துகிறது. நானும் அன்று தீப்தியைத் திட்டியவன்தான்.

ஆனால் ஷஃபாலி வர்மா? அவர் அணியிலேயே இல்லை. ஓப்பனர் பிரதிகா ராவல் கணுக்காலில் அடிபட்டு வெளியே போனதால் அரையிறுதிக்குக் கூப்பிட்டார்கள். வந்த இரண்டாவது ஆட்டத்தில், உலகக்கோப்பை இறுதியில், 87 ரன், பந்துபோட்டு 2 விக்கெட். அது தைரியம் இல்லையா?

பாரதிநகர் | #20
தைரியம்தான். ஆனால் கூப்பிட்டபோது அவர் எங்கே இருந்தார்? உள்நாட்டு இருபது ஓவர் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2017இல் ஒரு ஓப்பனருக்கு அடிபட்டிருந்தால் யாரை, எங்கிருந்து கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

சேப்பாக்கம்வெயில் | #21
ஷஃபாலியை நான் நேரில் பார்த்தேன், 2024 ஜூன் 28, சேப்பாக்கம் டெஸ்ட். முதல் நாள். முதல் விக்கெட்டுக்கு 292. மந்தனா 149, ஷஃபாலி 205. அன்று மாலை ஸ்கோர் 525க்கு 4. என் பக்கத்தில் ஒரு பெரியவர் முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தார். "பெண்கள் டெஸ்ட் என்றால் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று நினைத்தேன், நிழலில் கொஞ்சம் கண்ணசரலாம் என்று வந்தேன்" என்றார். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை மனுஷன். ஷஃபாலி ரன் அவுட் ஆனபோது, தன் வீட்டுப் பெண்ணுக்குத் தேர்வில் ஒரு மார்க் போனது போல நெற்றியில் அடித்துக்கொண்டார்.

603க்கு 6 டிக்ளேர். பெண்கள் டெஸ்டில் அதுதான் மிகப் பெரிய ஸ்கோர். ஸ்னே ராணா முதல் இன்னிங்ஸில் 8 விக்கெட், ஆட்டத்தில் 10. பத்து விக்கெட் வெற்றி. ஆனால் எனக்கு நிற்பது வேறு: ஃபாலோ ஆன் வாங்கிய தென்னாப்பிரிக்கா அந்த வெயிலில் இரண்டாவது இன்னிங்ஸில் 373 அடித்தது. லூஸ் 109, வோல்வார்ட் 122. நான்காம் நாள் வரை இழுத்தார்கள். அந்த வோல்வார்ட்தான் நவி மும்பையிலும் 101 அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்தவர்.

கோட்டைவிட்டகேட்ச் | #22
முறுக்குப் பெரியவருக்கு ஒரு லைக்.

விக்கெட்டுக்குநடுவில் | #23
முழுவதும் படித்தேன். என் கேள்வி பெரிய விஷயம் இல்லை, இழையைத் திசைதிருப்புவதாக இருந்தால் மன்னிக்கவும். என் மகளுக்குப் பதின்மூன்று. லெக் ஸ்பின் போடுவாள். ஒரு வருடமாகக் கோச்சிங் போகிறாள். பழையகீப்பர் அவர்கள் சொன்னதைப் படித்ததும் அவளைக் கேட்டேன், "உனக்கு நெட்ஸில் பேட்டிங் எப்போது கிடைக்கும்?" என்று. "கடைசியில்ப்பா, சில நாள் கிடைக்காது, நான் பவுலர்தானே" என்றாள். அதை ஒரு குறையாகவே சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. கோச்சிடம் போய்ப் பேசலாமா? தலையிடுகிற அப்பா என்று பெயர் வந்துவிடுமோ என்று தயக்கம்.

பழையகீப்பர் | #24
போய்ப் பேசுங்கள் சார். ஆனால் "என் மகளுக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். "வாரத்தில் ஒரு நாள் வரிசையைத் தலைகீழாக மாற்றலாமா, பவுலர்கள் எல்லோரும் முதலில் பேட் பிடிக்கட்டும்" என்று கேளுங்கள். எந்தக் கோச்சும் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார். மறுத்தால், வீட்டு வாசலில் நீங்களே போடுங்கள். புது டென்னிஸ் பந்து வேண்டாம், அது ரொம்ப எகிறும். பழசு போதும். மார்புக்கு வருகிற பந்தையும் காலுக்கு வருகிற பந்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆடுகிற ஷாட்டைப் பார்க்காதீர்கள், முன்காலைப் பாருங்கள்.

அப்புறம், பேட் அவள் உயரத்துக்குச் சரியானதா என்று பாருங்கள். "வளர்கிற பிள்ளை" என்று பெரிதாக வாங்கிக்கொடுப்பது நம் வழக்கம். சட்டைக்குச் சரி, பேட்டுக்குச் சரிவராது. கனமான பேட் இருந்தால் கால் போகாமல் கையே போகும்.

மூணாவதுஸ்லிப் | #25
இழை தொடங்கியவன் என்ற முறையில்: பயம் என்கிற என் வாதத்தை முழுக்கக் கைவிடவில்லை. லார்ட்ஸில் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும், படபடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பயம் எல்லா அணிக்கும் உண்டு, பதினோரு பேருக்கும் பேட் பிடித்த பழக்கம் எல்லா அணிக்கும் கிடையாது என்பது வரை வந்துவிட்டேன். இன்று இதற்கு மேல் என்னை இழுக்காதீர்கள்.

கோட்டைவிட்டகேட்ச் | #26
நான் பாதி வாபஸ், நீங்கள் முக்கால் வாபஸ். நல்ல கூட்டணி.

விக்கெட்டுக்குநடுவில் | #27
பத்து நாள் கழித்து வருகிறேன். கோச் ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை பவுலர்கள் முதலில். மகள் ஆறு ஓவர் பேட் பிடித்தாள். மூன்று முறை போல்டு, முழங்கையில் ஒரு அடி. வீட்டுக்கு வந்து, "பேட் கனமா இருக்குப்பா" என்றாள். அளந்து பார்த்தோம். போன வருடம் நான் வாங்கிக்கொடுத்தது, இரண்டு சைஸ் பெரியது.

பழையகீப்பர் | #28
முழங்கைக்கு ஐஸ் வையுங்கள். பழைய பேட்டை எறிந்துவிடாதீர்கள், இரண்டு வருடத்தில் அவளுக்கே ஆகும். அதுவரை உயரமான ஒரு பெண் அந்த நெட்டில் இருப்பாள், அவளிடம் கொடுங்கள்.